முயல் எடுத்த கொழுந்து

எங்கள் தோட்டத்துக்குப் பட வண்டி வந்த அன்று நான் ஒரு முடிவுக்கு வந்தேன். யோசிக்காமல் நான் எடுத்த முடிவுகளில் அதுதான் தலைசிறந்தது.

தோட்டப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். மேலே படிக்க அடிவாரத்து ஊரான ஹாலிஎலைக்கு இறங்க வேண்டும். என் விஷயத்தில் வீட்டில் இரண்டு கட்சி. கொழுந்தெடுக்க என் பேரைப் பதிந்துவிட வேண்டும் என்பது அப்பா கட்சி. "படிச்சு இது பதுளை கவர்மெண்டு கச்சேரியில உத்தியோகம் பாக்கப் போகுதாக்கும்" என்பார். படிக்க அனுப்ப வேண்டும் என்பது அம்மா கட்சி. அவள் அதைக் கேட்டதும் அடுப்பை வேகமாக ஊதுவாள். நான் எந்தக் கட்சியிலும் இல்லை. என்னால் ஓரிடத்தில் உட்கார முடியாது, அவ்வளவுதான். ஒருமுறை என் காலை பெஞ்சோடு கட்டிப் பார்த்த வாத்தியார், பெஞ்சும் சேர்ந்து ஆடியதைக் கண்டு அவிழ்த்துவிட்டார்.

பொழுது சாய்ந்ததும் தேயிலைத் தொழிற்சாலைச் சுவரில் வெள்ளைத் துணி கட்டினார்கள். முதலில் ஒரு பொம்மைப் படம். சிவப்புப் பாவாடை கட்டிய முயல் கொழுந்தெடுக்கப் போகிறது. அது விரலைச் சொடுக்கியதும் கொழுந்துகள் தாமாகக் குதித்துக் கூடைக்குள் விழுகின்றன. கூடையும் முதுகில் தொங்கவில்லை. பூக்கூடை போலக் கையில் ஆடுகிறது. வேலை வாங்கும் கங்காணியாக வந்த பூனை குழல் ஊதுகிறது. தோட்டத்துத் துரையாக வந்த கரடி தொப்பியைக் கழற்றி முயலுக்கு வணக்கம் சொல்கிறது.

பெண்கள் பக்கம் சிரிப்புத் தாங்கவில்லை.

"ஏன்டி, அந்த முயல மட்டும் அட்டை கடிக்காதா?"

"பாவாடை நனையலையே. அங்க மழையே கெடையாது போல."

"நம்ம கங்காணிக்கும் ஒரு குழல் வாங்கிக் குடுங்கடி. வாயாவது அடைஞ்சு கெடக்கும்."

பின்னால் நின்ற எங்கள் கங்காணி இருமினார். அம்மா கண்ணில் நீர் வழியச் சிரித்தாள். அவளுக்கும் படம் பிடித்துவிட்டது என்று நினைத்தேன்.

திரும்பும் வழியிலேயே அறிவித்துவிட்டேன்: எனக்குப் படிப்பு வேண்டாம், கொழுந்துதான் எடுப்பேன்.

"பாத்தியா, புள்ளையே சொல்லுது. நாளன்னைக்கே பேரு பதிஞ்சிரலாம்" என்றார் அப்பா.

அம்மாவின் சிரிப்பு நின்றுவிட்டது. எங்கள் லயத்து வீட்டு வாசலை எட்டியதும் சொன்னாள்: "அதுக்கு முன்னாடி நாளைக்கு ஒரு நாள் எங்கூட வரட்டும்."

மலையில் யாருக்கு எந்த நெரை என்று சொல்வது கங்காணி. நெரை என்றால் ஒருத்தி அன்று எடுக்க வேண்டிய செடிவரிசை. கொழுந்து மண்டிய நெரை கிடைத்தால் அவள் பிழைத்தாள். கல்லுமேட்டு நெரை கிடைத்தால் கணக்குக்கு வேண்டிய நிறை வராது. நிறை வராவிட்டால் அரைப்பேர், அதாவது நாள் முழுக்க நனைந்தாலும் பாதிக் கூலி. அதனால் நெரைக்காக அம்மா போடும் சண்டை அடுத்த மலைவரை கேட்கும். அன்று அவள் குரல் தாழ்ந்திருந்தது.

"கங்காணி, எனக்கு அந்தக் கல்லுமேட்டு நெரையக் குடுங்க."

"என்னம்மா, ஒடம்பு கிடம்பு சரியில்லையா? வேணும்னுதான் கேக்குறியா?"

"ஆமாங்க, வேணும்னுதான்."

நான் முதல் செடி முன்னால் நின்று விரலைச் சொடுக்கினேன். கொழுந்து அசையவில்லை. சத்தம் போதவில்லையோ என்று இரண்டு கையாலும் சொடுக்கினேன்.

"யாருக்குடி தாளம் போடுற?" என்றாள் கீழ் நெரையிலிருந்து அத்தை.

பிறகு மழை வந்தது. கூடைக் கயிறு நெற்றியை அறுத்தது. கால்விரல் இடுக்கில் அட்டைகள் குடியேறின. பிறந்ததிலிருந்து உட்காராத நான் உட்கார இடம் தேடினேன். அந்தச் சரிவில் அதற்கும் வழியில்லை. அம்மா அதட்டவுமில்லை, தேற்றவுமில்லை. "முத்தல் எல வேணாம், கொழுந்த மட்டும் எடு" என்பதைத் தவிர வேறு பேச்சில்லை.

சாயங்காலம் கொழுந்தைத் தராசில் நிறுத்தபோது அம்மாவுக்கு அரைப்பேர் விழுந்தது. கங்காணி எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார்.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் ஒன்றே ஒன்று கேட்டேன்: "ஹாலிஎல பள்ளிக்கூடத்துல பெஞ்சு இருக்குமாப்பா?"

பள்ளிக்கூடத் தவணை தொடங்கிய அன்று காலை, புத்தகப் பையோடு கீழே இறங்கிக்கொண்டிருந்தேன். மேலே மலையிலிருந்து அம்மாவின் குரல், பழைய வேகத்தில்:

"எனக்கு எதுக்குக் கல்லுமேடு? எந்தக் கிறுக்கியாவது கல்லுமேட்டக் கேட்டு வாங்குவாளா, கங்காணி?"

தானே கேட்டு வாங்கியதை இவ்வளவு சீக்கிரம் மறந்துவிட்டாளே என்று எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கங்காணி அதைச் சொல்லிக்காட்டுவதற்குள், காதைப் பொத்திக்கொண்டு ஹாலிஎலையை நோக்கி ஓடினேன்.