சுவர்ப் பக்கம் திருப்பிய திரை

ஆஸ்பத்திரியில் அவர் பெயர் ஸ்கேன் அக்கா. பெரிய டாக்டர் வந்தாலும் நாற்காலியை விட்டு எழமாட்டார். கருவைக் கலைக்க வருபவர்களுக்கு ஸ்கேன் திரையைச் சுவர்ப் பக்கம் திருப்பிவிடுவார்.

"காட்டினா மனசு மாறும்ல?" என்பாள் அவர் தங்கை. "காட்டவே கூடாது" என்பார் டாக்டர்.

"கேட்டாத்தான் காட்டுவேன். படுத்திருக்கறது நீங்க இல்லையே" என்று இருவர் வாயையும் அடைப்பார்.

இருபது வருடத்தில் ஒருத்தியும் கேட்டதில்லை. அன்று மூன்று பிள்ளைகளின் தாய் ஒருத்தி கேட்டாள். அக்கா திரையைத் திருப்பினார். அந்தத் துடிப்பை அவள் கண்கொட்டாமல் பார்த்தாள். மனசு மாறிவிட்டது என்று எண்ணி, அக்கா சம்மதப் படிவத்தை ஓரமாக வைத்தார்.

"அதக் குடுங்கக்கா. இதப் பாக்காம கையெழுத்துப் போட எனக்கு மனசு வரல, அதான் கேட்டேன்."

அக்கா எழுந்து நின்று பேனாவை நீட்டினார்.