கமலத்தின் கருமாதி

எங்கள் குடும்பத்தில் முதல் டிகிரி என்னுடையது. எங்கள் டிவி சேனலின் சீரியலைப் பார்ப்பதை நிறுத்தியவர்களைத் திரும்ப அழைத்துவருவது என் வேலை. ரேட்டிங் ஏறாவிட்டால் அந்த வேலையும் போய்விடும்.

கிணத்துக்கடவு மாரியாத்தாள் தேங்காய் உரிப்பவர். மதியச் சோற்றை எங்கள் சீரியலோடுதான் உண்பார். திடீரென நிறுத்திவிட்டார். அவர் வீட்டுக்குப் போனேன்; டிவிமேல் துண்டு போட்டு மூடியிருந்தது.

“ஏனுங்கம்மா, கதை பிடிக்கலைங்களா?”

“மாமியார் கமலம் செத்துப்போச்சே கண்ணு. எழவு விழுந்தா, கருமாதி முடியாம டிவி போடுவாங்களா?”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கதையில் செத்தவளுக்குத் துக்கம் காக்கிறார்!

“கமலம் சாகலைங்கம்மா. நாளைக்கு உசுரோட வாராங்க, பாருங்க. ரேட்டிங்குக்காகச் செஞ்சது.”

அவர் முகம் வெளுத்தது.

“உசுரோட இருக்கறவளுக்கா தலைக்குத் தண்ணி ஊத்துனேன்? சாவுல வெளையாடுவீங்களா? இனி அந்த ஊட்டுப் படி மிதிக்கமாட்டேனுங்க.”

டிவிமேல் போட்டிருந்த துண்டை அவர் எடுக்கவேயில்லை.