எதிராளி கையில் சிவப்புக் கொடி

இரண்டு வருடங்களுக்கு முன், பொங்கல் கழிந்த அடுத்த ஞாயிறு. நாட்றம்பள்ளிப் பக்கம், நெடுஞ்சாலையை ஒட்டிய பெரிய மண் மைதானத்தில் ஒரு மனிதரோடு நான் வரிந்து கட்டிக்கொண்டு சண்டைக்குப் போனேன். இன்று நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. என் வாழ்க்கையின் பெரிய வெற்றி கிடைத்ததும் அதே நாளில்தான்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரப் பரிசோதனைப் பிரிவில் இருக்கிறேன். தையல் ஒரு நூல் விலகினாலும் ஓரங்கட்டுவது என் வேலை. குறை பார்த்தே பழகிய கண், வீட்டுச் சாம்பாரைக்கூட விட்டு வைக்காது. இதைத் தவிர எனக்கு ஒரே ஒரு பைத்தியம் உண்டு. அதுதான் ஆட்டோகிராஸ். மைதானத்தில் ஆரஞ்சு நிறக் கோன்களை வளைத்து வளைத்து வைத்திருப்பார்கள். ஒரு நேரத்தில் ஒரு கார்தான். கோன்களுக்கு நடுவே புகுந்து புறப்பட்டுக் கடிகாரத்தோடு போட்டி போட வேண்டும்.

நம்மைப் போல வேலைக்குப் போகிறவர்களுக்கான தேசியப் போட்டி இது. தொடங்கிய கதையே வேடிக்கையானது. பந்தயக் கார் வாங்க வழியில்லாத சில நண்பர்கள், ஆபீஸ் போகும் காரிலேயே போட்டி வைத்துக்கொண்டார்களாம். முதல் வருடம் கோன்கூட இல்லை, மண் நிரப்பிய பெயிண்ட் டப்பாக்கள்தான். நடுவராக நிற்கவும் ஆள் கிடையாது. அதனால் ஒரு குழு ஓட்டும்போது இன்னொரு குழு கொடி பிடித்துக்கொண்டு நின்றது. ஊர் ஊராகப் பரவித் தேசியப் போட்டியாக வளர்ந்த பிறகும் அந்த வழக்கத்தை மட்டும் யாரும் மாற்றவில்லை. இன்றைக்கும் நம்மோடு மோதுகிறவர்தான் நமக்கு நடுவர்.

ஒவ்வொரு கோனைச் சுற்றியும் சுண்ணாம்பால் ஒரு கட்டம் போட்டிருக்கும். கார் உரசிக் கோன் சாய்ந்தாலோ, கட்டத்தை விட்டு முழுசாக வெளியே போனாலோ பக்கத்தில் நிற்பவர் சிவப்புக் கொடியைத் தூக்குவார். நம் நேரத்தோடு இரண்டு விநாடி சேர்ந்துவிடும். அடிப்பாகம் கொஞ்சமாவது கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தால் தப்பித்தோம்.

ஐந்து வருடமாகக் கலந்துகொண்டும் எனக்கு ஒரு கோப்பை அமையவில்லை. இந்த முறை இறுதிப் போட்டி நம் பக்கமே வந்ததால், எங்கள் பிரிவுப் பெண்கள் கம்பெனி வேனில் கூட்டமாக வந்து இறங்கிவிட்டார்கள். "யக்கா, ஜெயிக்காம வந்தீங்கன்னா வேன்ல ஏத்த மாட்டோம்" என்று மிரட்டல் வேறு.

எனக்கு எதிரே இருந்தவர் பேரணாம்பட்டுக்காரர். தோல் கையுறை தைக்கும் சின்ன யூனிட் நடத்துகிறவர். அதற்கு முந்தைய இரண்டு வருடமும் சாம்பியன் அவர்தான். தொடர்ந்து மூன்று முறை ஜெயித்தால் சுழற்கோப்பை சொந்தமாகவே கிடைத்துவிடும். போட்டி தொடங்கிய நாளிலிருந்து ஒருவரும் அதைச் செய்ததில்லை. கூட்டத்தில் பாதி அதைப் பார்க்கத்தான் வந்திருந்தது.

காலையில் அவர் குழு ஓட்டியது, நான் கொடியோடு நின்றேன். ஆளுக்கு மூன்று சுற்று, அதில் சிறந்த நேரம் கணக்கு. இரண்டாவது சுற்றில் அவர் பறந்து வந்தார். அப்படி ஓர் ஓட்டத்தை நான் பார்த்ததே இல்லை. ஆனால் என் முன்னால் இருந்த கோன் நகர்ந்துவிட்டது. குனிந்து பார்த்தேன். கோட்டுக்கும் கோனுக்கும் நடுவே ஒரு விரல் இடைவெளி. கொடியைத் தூக்கினேன். அந்தச் சுற்றின் நேரத்தோடு இரண்டு விநாடி ஏறிவிட்டது. மற்ற சுற்றுகளின் நேரத்தை வைத்தே அவர் பெயர் பலகையில் முதலிடத்தில் இருந்தது.

மதியம் எங்கள் முறை. முதல் இரண்டு சுற்றையும் சொதப்பினேன். மூன்றாவது சுற்றில் நான்தான் அன்றைய கடைசி கார். கிளம்பியதிலிருந்தே எல்லாம் கைக்குள் வந்தது. வண்டி சொன்ன பேச்சைக் கேட்டது. கடைசித் திருப்பத்தில் மட்டும் பின்பக்கம் கொஞ்சம் அகன்று, 'தொப்' என்று ஒரு சத்தம். அந்தக் கோன் பக்கத்தில் நின்றவர் அவரேதான்! எல்லைக் கோட்டைத் தாண்டிக் கண்ணாடியில் பார்த்தேன். ஒரே புழுதி. அதற்குள் அவர் மண்டியிட்டுக் கோனைத் தூக்கி நகர்த்துவது மட்டும் தெரிந்தது.

அவ்வளவுதான், எனக்கு ரத்தம் கொதித்துவிட்டது. காலையில் கொடி தூக்கியதற்குப் பழி வாங்கக் கோனைக் கட்டத்துக்கு வெளியே தள்ளுகிறார் என்று நானே முடிவு கட்டிவிட்டேன். ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் ஓடினேன்.

"இன்னா பாய் இது? யாரும் வந்து பாக்கறதுக்கு முன்னாடி கோனை நகத்திட்டீங்க! காலையில நான் கொடி தூக்கினதுக்கு இதுவா?"

அவர் நிதானமாக எழுந்து முழங்கால் மண்ணைத் தட்டினார். "நகந்த கோனைத் திரும்பக் கட்டத்துல வெக்கணும்ல மேடம்? காலையில நீங்களும் அப்டித்தான வெச்சீங்க? கொடியை நான் தொடவே இல்ல, பாருங்க."

சுருட்டிய கொடி அவர் பெல்ட்டில் செருகியபடியே இருந்தது. மண்ணில் கோன் இழுபட்ட தடத்தைக் காட்டினார். முக்கால்வாசி வெளியே போயிருந்தது, கால்வாசி கட்டத்துக்குள் நின்றிருந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் ஒலிபெருக்கி என் நேரத்தைச் சொன்னது. அபராதம் இல்லை. அவரைவிட அரை விநாடிக்கும் கம்மி வித்தியாசத்தில் நான் முதல்!

எங்கள் பெண்கள் கயிற்றைத் தாண்டி ஓடி வந்து என்னைத் தூக்கியே விட்டார்கள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. இறக்கி விட்டதும் நேராக அவரிடம் போய், "மன்னிச்சுக்குங்க பாய். அந்தக் கொடியைத் தூக்கியிருந்தா கப்பு உங்களுக்கே வந்திருக்கும். நான் ஓடி வர்றதுக்குள்ள தடத்தையும் நீங்க அழிச்சிருக்கலாம்" என்றேன்.

"அட, நீங்க கண்ணால பாத்ததைக் காலையில சொன்னீங்க. நான் பாத்ததை நான் சொன்னேன். இதுல பேஜார் இன்னா இருக்குது? அடுத்த வருஷம் பாருங்க, விட மாட்டேன்" என்று சிரித்தார். பரிசு மேடையில் எல்லாரையும்விட பலமாகக் கை தட்டியவர் அவர்தான்.

சொன்னபடியே அடுத்த வருடம் கோப்பையை என்னிடமிருந்து பறித்துக்கொண்டும் போய்விட்டார். எனக்கு அதில் துளியும் வருத்தமில்லை. நான் ஒருமுறை இந்த நாட்டின் சாம்பியன் என்று இன்றைக்கும் யாரிடமும் நெஞ்சை நிமிர்த்திச் சொல்ல முடிகிறது என்றால், அதற்குச் சாட்சி என்னிடம் தோற்றவரே என்பதால்தான்.