பதினேழாம் இலக்கம், வந்தவர் ஒருவர்

இதில் ஒரு சொல்கூட நான் கட்டியது இல்லை. நம்பாவிட்டால் குறிஞ்சிப்பிட்டியில் எங்கள் மீனவர் சங்கத்துக்குப் போய்ப் பாருங்கள். அந்தக் கொம்பியூட்டர் இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான்தான் அந்தப் பக்கம் போவதில்லை.

கடலுக்குப் போன வள்ளங்கள் கரைக்கு வந்ததும் பதிவதற்கு அதில் நான் ஒரு புரோகிராம் எழுதிக் கொடுத்திருந்தேன். வள்ளத்தின் இலக்கம், வந்தவர்கள் எத்தனை பேர், எந்தக் கரை. மூன்றையும் அடித்துவிட்டு 'வந்தாச்சு' பட்டனை அழுத்தவேண்டும். இரண்டு பேர் போயிருந்தால் இரண்டு என்றுதான் போடலாம். குறைத்துப் போட்டால் 'டிங்' என்று பிழைச் செய்தி வரும். அந்தக் கட்டுப்பாடு என் யோசனைதான். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

போன பெப்ரவரி, ஒரு வியாழக்கிழமை. பதினேழாம் இலக்க வள்ளம் மட்டும் வரவில்லை. விடியப் போனவர்கள் இரண்டு பேர். ஒருவர் சவிரிமுத்து அண்ணன். வந்ததைப் பதியும்போது ஒரு விரலால் எழுத்தைத் தேடித் தேடி அடிப்பார். நாங்கள் பகிடி பண்ணுவோம். மற்றவன் அவரோடு தொழிலுக்குப் போகும் அனுஷன்.

சங்கச் செயலாளர் ஜப்பார் நானா வாசலில் நின்று அவசரப்படுத்தினார்.

"அமானி தங்கச்சி, வராதவங்கட லிஸ்ட எடுங்க. ஆறு மணிக்குத் தேடப் போறாங்க."

பின்னேரம் 5.42. டிங்.

'17. வந்தவர் 1. நுரைச்சோலை. எண்ணிக்கை பிழை.'

நான் எதையும் தொடவில்லை.

பயம் வரவில்லை. எரிச்சல்தான் வந்தது. பட்டனுக்குரிய வரியில் ஓர் அடைப்புக்குறி கூடிவிட்டால், யாரும் அழுத்தாமலே அது ஓடிவிடும். அந்த மடத்தனத்தை எத்தனையோ தடவை செய்திருக்கிறேன். புரோகிராமைத் திறந்து பார்த்தேன். அடைப்புக்குறி இல்லை.

5.46. டிங்.

அதே 17. அதே 1. அதே நுரைச்சோலை.

பட்டனை அழுத்தினால் என்ன நடக்கவேண்டும் என்று சொல்லும் வரியையே அழித்தேன். இனி அழுத்தினாலும் ஒன்றும் நடக்கக்கூடாது. திரும்ப ஓடவிட்டேன்.

5.51. டிங்.

"சனியனே!" என்று கத்திவிட்டேன்.

"யாரோட கதைக்கிறீங்க?" என்றார் ஜப்பார் நானா.

"ஒருத்தரோடயும் இல்ல நானா."

மௌஸைக் கழற்றினேன். கீபோர்டையும் கழற்றினேன். இனி யார் அடிப்பது என்று பார்ப்போம்...

5.55.

பெட்டிகள் தாமாகவே வெறுமையாகின. பிறகு நிரம்பத் தொடங்கின.

1... 7...

1...

நு... ரை...

மெதுவாக. தேடித் தேடி. ஒரு விரலால் அடிப்பதுபோல.

டிங்.

வயரை இழுத்தேன். திரை இருண்டது.

ஒரு தாளில் எழுதினேன். '17. வரவில்லை. 2 பேர்.' தெற்கே இருக்கும் நுரைச்சோலையைப் பற்றி நான் எழுதவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. தேடப் போனவர்கள் வழமைபோல வடக்கே கற்பிட்டிப் பக்கம் போனார்கள். இராத்திரி முழுக்கத் தேடினார்கள்.

அடுத்த நாள் காலை 7.10க்கு நுரைச்சோலைக் கரையில் சவிரிமுத்து அண்ணனின் உடல் கிடந்தது. அதற்கு நேரே கடலில், கவிழ்ந்த வள்ளத்தைப் பிடித்தபடி அனுஷன் மிதந்தான். உயிர் மட்டும் இருந்தது.

மூன்று நாள் கழித்துத்தான் அவன் வாய் திறந்தான்.

"அண்டைக்குப் பின்னேரம் நடந்தது நேற்று மாதிரி இருக்கு அக்கா. கரை தெரியுது எண்டு அண்ணன் நீந்திப் போனவர். 'நீ பிடிய விடாத, நான் போய்ச் சொல்லிட்டு வாறன்' எண்டவர்."

நான்கு தரம் வந்து சொன்னார். நான் வயரை இழுத்தேன்.