வளைக்கிற வில்லும் மிதிக்கிற வில்லும்

வேட்டைச் சாமான் விற்கிறவனுக்கு ஒரு சாபம் உண்டு: காட்டுக்குப் போகிறவர்கள் எல்லாரும் அவனிடம் வந்து போவார்கள், அவன் மட்டும் காட்டுக்குப் போகமாட்டான். கடையில் நின்று பிழைத்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை. பட்டுப்புடவை விற்கிறவன் மனைவி நூல் புடவை கட்டுவாள், மிட்டாய் விற்கிறவனுக்குச் சர்க்கரை வியாதி இருக்கும். நம் பிழைப்பு அப்படி.

யுத்த காலத்தில் மயிலாப்பூர் லஸ் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில் வேலை பார்த்தேன். கிரிக்கெட் மட்டை, டென்னிஸ் பந்து, தூண்டில், துப்பாக்கித் தோட்டா எல்லாம் விற்போம். யுத்தம் வந்ததும் தோட்டா கிடைப்பது நின்றுபோயிற்று. துப்பாக்கி வைத்திருந்த பெரிய மனிதர்கள் அதைச் சுவரில் மாட்டிவிட்டுப் பெருமூச்சு விட்டார்கள். எங்கள் முதலாளி பெருமூச்சு விடுகிற ஆசாமி இல்லை. மான் வேட்டைக்கு வில் போதாதா என்று இரண்டு தினுசில் செய்து வாங்கி வைத்தார். ஒன்று கைவில். மூங்கிலில் செய்தது, சாமி படத்தில் இருப்பதுபோல நிமிர்ந்து நின்று கையால் இழுத்து விடுவது. மற்றது விசைவில். துப்பாக்கிக் கட்டை மாதிரி ஒரு கட்டை, அதன் முனையில் குறுக்கே பழைய மோட்டார் ஸ்பிரிங் பட்டையில் ஒரு வில், அடியில் ஒரு விசை. முனையிலுள்ள இரும்பு வளையத்தில் காலை விட்டுத் தரையோடு மிதித்துக்கொண்டு, குனிந்து, இரண்டு கையாலும் நாணை இழுத்து மாட்டவேண்டும். மாட்டியாகிவிட்டால் அப்புறம் யார் வேண்டுமானாலும் விசையைத் தட்டலாம்.

எனக்குத் தோள் அகலம் என்று கைவில்லை என்னிடம் கொடுத்தார். சுலைமானுக்கு வாய் அகலம் என்று விசைவில்லை அவனிடம் கொடுத்தார். சுலைமான் கச்சேரி ரோட்டுக்காரன், என் வயதுதான், நல்லவன். என் வயிற்றெரிச்சலுக்கு அதுவே முதல் காரணம். கெட்டவனாக இருந்திருந்தால் திட்டியாவது மனசை ஆற்றிக்கொண்டிருப்பேன்.

புது வில் காட்டில் மக்கர் செய்யும், நாண் அறும். அதனால் வாங்கியவர் வேட்டைக்குப் போகும்போது விற்றவனையும் கூட அழைத்துப் போவது எங்கள் கடை வழக்கம். எனக்கோ காட்டில் ஒரு மானைப் பார்த்துவிட வேண்டும் என்று பைத்தியம். கிண்டியில் வேலிக்கு அப்பால் தெரிகிற மான் எதற்கு? அதன் பாட்டுக்குக் காட்டில் நிற்கிற மான் வேண்டும். அதற்கு என் வில் விற்கவேண்டும், வாங்கியவர் வேட்டைக்கும் கிளம்பவேண்டும். இரண்டுக்கும் குறுக்கே நின்றவன் சுலைமான்.

வக்கீலின் தோள்

முதலில் வந்தவர் ஒரு வக்கீல். கைவில்லைக் கண்டதும் அவருக்கு முகம் மலர்ந்தது. கோட்டைக் கழற்றி என் தோளில் போட்டுவிட்டு நாணை இழுத்தார். பாதி வந்தது. முகம் சிவந்து, சட்டைப் பொத்தான் ஒன்று தெறித்து டென்னிஸ் பந்துகளுக்குள் போய் விழுந்தது. நான் உண்மையைச் சொன்னேன்: மூன்று மாதம் தினமும் பழகினால் கை படியும் என்று. விற்கிறவன் வாயில் உண்மை வந்தால் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

சுலைமான் விசைவில்லை மிதித்து ஏற்றி அவர் கையில் வைத்தான். கடைக்குப் பின்னால் வைக்கோலில் செய்த மான் ஒன்று நிறுத்தி வைத்திருந்தோம். வக்கீல் விசையைத் தட்டினார். அம்பு வைக்கோல் மானின் கழுத்தில் நின்றது. அவருக்குத் தொந்தி, குனிந்து மிதிக்க வராது. அதையும் தானே வந்து செய்வதாகச் சுலைமான் ஒத்துக்கொண்டான், அந்தச் சனிக்கிழமையே இருவரும் காட்டுக்குக் கிளம்புவதாக முடிவாயிற்று. கோட்டைத் திரும்ப வாங்கிக்கொள்ளும்போது வக்கீல் என்னைப் பொய்ச்சாட்சியைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்.

"மூணு மாசம் பழகச் சொல்றீரே ஐயா, மான் வாய்தா குடுக்குமா?"

கால் படலாமா?

தியாகராய நகரில் ஜவுளிக்கடை வைத்திருந்த திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் வந்தார். அவருக்கு விசைவில் பிடித்துப்போயிற்று. வளையத்தில் காலை வைக்கும்படி சுலைமான் சொன்னானோ இல்லையோ, காலை இழுத்துக்கொண்டு கன்னத்தில் போட்டுக்கொண்டார். கடைக் கத்தரிக்கோலுக்கும் கஜக்கோலுக்கும் ஆயுத பூஜையில் சந்தனம் குங்குமம் வைக்கிற மனிதர். தவறிப்போய்க் கால் பட்டாலே தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். ஆயுதத்தை எப்படி மிதிப்பார்?

எனக்கு உள்ளே நாதஸ்வரம் கேட்டது. ஓடிப்போய்க் கைவில்லைத் துடைத்து இரண்டு கையாலும் நீட்டினேன். இது கால் படாத வில், பூஜையறையில்கூட மாட்டலாம் என்றேன். அண்ணாச்சி அதைத் தடவிப் பார்த்தார். எந்தக் காட்டுக்குப் போவதாக உத்தேசம் என்றுகூடக் கேட்டுவிட்டேன். அப்போதுதான் சுலைமான், அவர் எதற்கு மிதிக்கவேண்டும், தான் வந்து மிதித்துக் கொடுக்கக் கூடாதா என்று மெதுவாகக் கேட்டான். ஒன்றுக்கு இரண்டாக வாங்கிக்கொண்டால் ஒன்று அண்ணாச்சி கையில் இருக்கும், இன்னொன்றைக் கீழே தன் காலால் மிதித்து ஏற்றிக்கொண்டிருக்கலாம் என்றும் சொன்னான். அண்ணாச்சி என் வில்லை என்னிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, வலிக்காமல் தட்டிக்கொடுத்தார், என்னையா வில்லையா என்று தெரியவில்லை. பிறகு சுலைமானிடம் சொன்னார்:

"மிதிக்கது ஒம்ம காலு, விடுதது என் கையி. இதுல சாமிக்கு என்ன வருத்தம் வரப்போவுது?"

தொடைக்கறி

அதற்கப்புறம் அண்ணாச்சிக்கு வேட்டை ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. சனிக்கிழமை கடையடைத்ததும் கார் வந்து நிற்கும், சுலைமான் ஏறிக்கொள்வான். திங்கட்கிழமை கதையோடு வருவான். பனி எப்படி இறங்கியது, கொம்பன் மான் எப்படித் தலையைத் தூக்கியது, பிணைமான் எப்படிக் குட்டியை முன்னால் விட்டுப் பின்னால் வந்தது என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்வான். பந்து வாங்க வந்தவர்கள்கூடச் சுற்றி நின்று கேட்பார்கள், போகும்போது விசைவில்லைத் தூக்கிப் பார்ப்பார்கள். நான் மூலையில் நாணுக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருப்பேன். எனக்கு நிஜமாகவே வயிறு எரிந்தது, மறைப்பானேன்?

இதில் இன்னொரு கொடுமை. அண்ணாச்சி ஒவ்வொரு தடவையும் ஒரு தொடைக்கறியைச் சுலைமானுக்குக் கொடுப்பார். அம்பு பட்டே செத்த மான் அது, முறைப்படி அறுத்தது இல்லை என்பதால் அவன் வீட்டில் அதைத் தொடமாட்டார்கள். அதனால் மந்தாரை இலையில் சுற்றி நேராக என் வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பான். அவன் அடித்த மாதிரிப் பேசுகிற மானை நான் தின்பதா என்று வீம்பாகத்தான் உட்காருவேன். மிளகு போட்டு வறுத்த வாசனை வந்ததும் வீம்பு எங்கே போகும் என்று தெரியாது. ஒருநாள் இரண்டாம் தடவை பரிமாறிக்கொண்டே என் மனைவி சொன்னாள்:

"நீங்களுந்தான் அதே கடையில கீறீங்க. அவரு மான் கறியோட வர்றாரு, நீங்க கையில மூங்கில் சிராய் ஏத்திக்கினு வர்றீங்க."

சாகப்படாது

அடையாற்றில் தோட்டம் போட்டிருந்த மயிலாப்பூர் பெரியவர் ஒருவருக்கு மான்களால் தொல்லை. கிண்டிப் பக்கத்திலிருந்து வந்து வெண்டைச் செடியை மொட்டையடித்துவிட்டுப் போகின்றனவாம். மான் சாகவும் கூடாது, திரும்பி வரவும் கூடாது, அதற்கு எந்த வில் என்று கேட்டார். தன் வில்லில் குறி தப்பாது என்று சுலைமான் பெருமையாகச் சொன்னான். பெரியவர் பயந்து இரண்டடி என் பக்கம் நகர்ந்தார். புதிதாகக் கைவில் பிடிக்கிறவர் கையில் எந்த மானும் நூறு வயது வாழும் என்று நான் வாக்குக் கொடுத்தேன். சுலைமானோடு நேருக்கு நேர் போட்டியில் என் வில்லுக்குக் கிடைத்த ஒரே வெற்றி அது.

வழக்கப்படி நானும் தோட்டத்துக்கு வரட்டுமா, செடி மேய்கிற மானானாலும் பரவாயில்லை என்று கேட்டுப்பார்த்தேன். ஆள் நடமாட்டம் இருந்தால் அவை வருவதில்லையே என்று சொல்லிவிட்டார். வாசலில் நின்று வில்லை இன்னொரு தரம் திருப்பிப் பார்த்தார்.

"குறி தப்பும்னு கியாரண்டி தரேளா? பட்டுத் தொலைச்சுதுன்னா உம்மைத்தான் வந்து கேப்பேன்."

சாந்தோம் டாக்டர்

கடைசியில் காட்டுக்குப் போகிறவராக எனக்கும் ஒருவர் வந்தார். சாந்தோம் டாக்டர். மூன்று மாதம் பழகவேண்டும் என்றதும் முகம் சுளிக்காத ஒரே மனிதர். கைவில்லை வாங்கிப்போய், கடற்கரையில் வைக்கோல் கட்டி வைத்து விடிகாலையில் பழகினார். கடை திறக்குமுன் நானும் போய் முழங்கையைத் தூக்கிவிடுவேன், தோளை அழுத்திவிடுவேன். நாண் வாங்க அவர் கடைக்கு வந்தால் வாசலிலேயே மடக்கி, பேச்சுக் கொடுத்துக்கொண்டே தெருக்கோடிவரை கூட்டிப்போய்விடுவேன். சுலைமான் கண்ணில் அவர் படக்கூடாது என்பதில் அத்தனை கவனம். நல்ல வரனைப் பக்கத்து வீட்டுக்காரர்களிடமிருந்து மறைத்துவைக்கிற பெண்ணைப் பெற்றவன் கதைதான்.

கை படிந்தது. பத்துக்கு எட்டு அம்பு வைக்கோலில் நின்றது. வேட்டைக்கு நாள் குறித்த அன்று, தினமும் வலையை உலர்த்திக்கொண்டே இதைப் பார்த்துக்கொண்டிருந்த குப்பத்துக்காரர் ஒருவர் தாங்கமாட்டாமல் கேட்டுவிட்டார்:

"இன்னா டாக்டரய்யா, தெனம் அதையே அடிச்சிக்கினு கீறீங்க? அந்த வைக்கோலு இன்னா பாவம் பண்ணிச்சு?"

ஓடைக் கரையில்

நாகலாபுரம் மலையடிவாரம். விடிகிற நேரம். ஓடைக்கு இந்தப் பக்கம் ஒரு புதருக்குப் பின்னால் டாக்டரும் நானும் உட்கார்ந்திருந்தோம். கால் மரத்துப்போய், கொசு கடித்து, இதற்காகவா ஏங்கினோம் என்று நினைக்கும்போது மான் வந்தது. வந்த சத்தமே கேட்கவில்லை. புள்ளிமான், கொம்பன். ஒரு காது எங்கள் பக்கம் திரும்பியது, மற்றது மலைப் பக்கம் இருந்தது. தண்ணீரில் வாயை வைத்தது, எடுத்தது. தாடையிலிருந்து சொட்டுவதைக்கூடப் பார்த்தேன். நான் மூச்சுவிட்டேனா என்று தெரியாது. மனசு நிறைந்துபோயிற்று என்று சொன்னால் அது குறைவு.

விசைவில் என்றால் முன்பே ஏற்றி வைத்திருக்கலாம், விரலை அசைத்தால் போதும். கைவில்லை மானுக்கு எதிரேதான் இழுத்தாக வேண்டும். டாக்டர் வெகுநேரம் காத்திருந்து, அது மறுபடி தலையைத் தாழ்த்தியதும் கையைத் தூக்கினார். முழங்கை, நான் சொல்லிக்கொடுத்தபடியே, அழகாக உயர்ந்தது. மான் அந்த முழங்கையைப் பார்த்தது. பிறகு அந்த இடத்தில் தண்ணீர் மட்டும் இருந்தது. டாக்டர் வில்லை இறக்கினார். என் பக்கம் திரும்பினார்.

"உங்க வில்லுல ஒரே ஒரு குறைதான், ஏகாம்பரம். மான்கிட்ட சொல்லிட்டுத்தான் விடவேண்டியிருக்கு."

டாக்டர் போன பக்கம்

அடுத்த வாரம் டாக்டர் கடைக்கு வந்தார். எழுந்து நின்றேன். என்னைப் பார்த்து அன்பாகத் தலையை ஆட்டிவிட்டு, என்னைத் தாண்டி, சுலைமான் பக்கம் போனார். நான் வளர்த்த தோள், நான் தூக்கிவிட்ட முழங்கை, விசைவில்லின்மேல் குனிந்தது. ஒரே மிதியில் ஏற்றினார். வைக்கோல் மானின் கழுத்தில் அம்பு நின்றது. நன்றாக இருந்த ஒரு நாணை நான் அவிழ்த்து மறுபடி கட்டினேன். அந்த நிமிஷம் சுலைமானை எனக்கு எவ்வளவு பிடிக்கவில்லை என்பதை எழுதினால் காகிதம் கருகும்.

டாக்டர் வில்லோடு போனபின் சுலைமான் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பெருமையடிக்கத்தான் வருகிறான் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அவன் குரலைத் தாழ்த்தி, நான் மானைப் பார்த்தது நிஜமா என்று கேட்டான். நின்றதா, எவ்வளவு நேரம் நின்றது, காது தனித்தனியாகத் திரும்புமா, தண்ணீர் குடிக்கும்போது சத்தம் வருமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டான். சொன்னேன். திரும்பவும் சொல்லச் சொன்னான். இத்தனை தடவை போனவன் என்னைப் போய்க் கேட்பானேன் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. அதையும் வாய்விட்டே கேட்டேன். அவன் கால் கட்டைவிரலைப் பார்த்துக்கொண்டு சொன்னான்:

"நான் எங்க நைனா பாத்தேன்? வக்கீலோட போன அன்னிக்கு மானே வரல. ஒரு வில்லு அண்ணாச்சி கையில, இன்னொண்ணு எங்காலுக்கடியில. அதை மிதிச்சிக்கினு குனிஞ்சே கெடப்பேன். நிமிந்து பாத்தா ஒண்ணு ஓடிப் பூட்டிருக்கும், இல்லாங்காட்டி செத்துக் கெடக்கும். கதையெல்லாம் கார்ல வர்றப்ப அண்ணாச்சி சொன்னது."

சுலைமான்மேல் இருந்த பொறாமை அன்றோடு தீர்ந்தது என்று எழுத ஆசைதான், ஆனால் ஒரு மானைக்கூட நிமிர்ந்து பார்க்காமலே அத்தனை கதை சொல்லி அத்தனை வில் விற்றிருக்கிறானே என்று நினைத்தபோது அது முன்னைவிட இரண்டு மடங்காகிவிட்டது.