தாய்மாமன், லேட்

எனக்குத் தமிழ் நன்றாக வரும் என்ற நம்பிக்கை கிள்ளான் பள்ளத்தாக்கில் சிலருக்கு உண்டு. அவர்களில் முதல் ஆள் நான்தான். பங்சார் அலுவலகத்தில் யாராவது 'மீட்டிங் கேன்சல்' என்றால், கேட்காமலே 'கூட்டம் ரத்து' என்று திருத்துவேன். அதனால் மதியச் சாப்பாட்டுக்கு என்னை அதிகம் பேர் கூப்பிடுவதில்லை. கல்யாணங்களுக்கு மட்டும் கூப்பிடுவார்கள், மைக் பிடிக்க.

சக ஊழியர் ஒருவர் தன் மகளின் கல்யாண விருந்துக்கு அப்படித்தான் கூப்பிட்டார். கிள்ளானில் ஒரு மண்டபம், சனிக்கிழமை மதியம். மேடைக்கு அழைக்கவேண்டியவர்களின் பட்டியலை அச்சடித்துக் கொடுத்திருந்தார். முதல் வரியில் பெண்ணின் தாய்மாமன் பெயர். பக்கத்தில், பேனாவால் அவசரமாக, ஆங்கிலத்தில் 'லேட்' என்று ஒரு சொல்.

வேறு யாராக இருந்தாலும் இறங்கிப் போய்க் கேட்டிருப்பார்கள். பட்டியல் கொடுத்த நண்பர் மண்டப வாசலில்தான் நின்றிருந்தார். ஆனால் ஒரு ஆங்கிலச் சொல் கண்ணில் பட்டால் அதற்குத் தமிழ் கண்டுபிடிக்காமல் எனக்கு இருப்புக் கொள்ளாது. 'லேட்' உடனே 'அமரர்' ஆனது.

"இன்று நம்மிடையே இருந்து ஆசி வழங்கியிருக்க வேண்டியவர், அமரராகிவிட்ட தாய்மாமன்" என்று ஆரம்பித்து, பெயரைச் சொல்லி, குரலைத் தணித்து, ஒரு நிமிட மௌன அஞ்சலிக்கு எல்லாரையும் எழுந்து நிற்கச் சொன்னேன். மண்டபம் நின்றது. பிரியாணிக் கரண்டியோடு கேட்டரிங் ஆட்களும் நின்றார்கள். கடைசிச் சொல்லில் குரல் தழுதழுத்ததற்காக உள்ளூர என்னையே பாராட்டிக்கொண்டேன்.

பெண்ணும் அவள் அம்மாவும் உடை மாற்றும் அறையில் இருந்தார்கள். நண்பர் மட்டும் வாசலிலிருந்து கையை ஆட்டிக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே ஓடிவந்தார். துக்கம் தாங்காமல் வருகிறார் என்று நினைத்தேன்.

"பாஸ், அவரு லேட்டா வருவாரு லா," என்றார் மேடைக்குக் கீழே நின்று, மூச்சிரைக்க. "டயாலிசிஸ் முடிச்சிட்டு வராரு. அந்தா வந்துட்டாரு பாருங்க."

அவருக்குப் பின்னால், முழங்கையில் பிளாஸ்டரோடு ஒரு பெரியவர் மெதுவாக நடந்து வந்துகொண்டிருந்தார். மண்டபமே எழுந்து நிற்பதைப் பார்த்து, தனக்குத்தான் இந்த மரியாதை என்று கும்பிட்டார். ஒரு வகையில் அது சரிதான்.

அந்த இடம்வரை என் தப்பு மன்னிக்கக்கூடியதுதான். கையில் மைக் இருந்தது. 'மன்னிக்கவும்' என்று சொல்லியிருந்தால் போதும். நான் சொன்னது: "பாருங்க, பேச்சை எடுத்ததுமே வந்துட்டாரு. மாமாவுக்கு நூறு ஆயுசு."

மண்டபம் விழுந்து விழுந்து சிரித்தது. சிரித்தபடியே உட்கார்ந்தது. முன்வரிசையில் பட்டுச்சேலை கட்டிய ஓர் அம்மா மட்டும் கைப்பேசியைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தார். கழிவறைக்கு வழி தேடுகிறார் என்று நினைத்தேன்.

"டைமிங் பிரமாதம் பாஸ், பிளான் பண்ணி செஞ்சதா?" என்று பந்தியில் ஒருவர் கேட்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஏதோ ரகசியம் வைத்திருப்பவன் மாதிரி புன்னகைத்தேன். இதை எழுதும்போதும் காது சுடுகிறது.

திங்கட்கிழமை நண்பர் என் மேசைக்கு வந்தார். "முன்னால நின்னாங்களே, அவங்க என் மச்சான், அந்த மாமாவோட சம்சாரம். அன்னைக்கு சாப்பிடாம போனவங்க, ஃபோன் அடிச்சா எடுக்கறதில்ல. நாங்க எழுதிக் கொடுத்ததைத்தான் நீங்க படிச்சீங்கன்னு நெனைக்கிறாங்க. என் வைஃப் அழுதுகிட்டே இருக்கா."

"நான் போய்ப் பேசுறேன்."

"நீங்க பேசுனது போதும்னுதான் தோணுது," என்றார். "ஆனா போங்க."

வியாழக்கிழமை விடுப்பு எடுத்தேன். பெரியவர் போகும் டயாலிசிஸ் நிலையம் கிள்ளானில், பக்கத்து ஊரான மேருவுக்குப் போகும் வழியில், ஒரு டயர் கடைக்கு மேலே முதல் மாடியில் இருந்தது. காரில் வழிநெடுக மன்னிப்பை ஒத்திகை பார்த்தேன். மூன்று வரைவுகள். மூன்றும் லேசான நகைச்சுவையில் தொடங்கின.

அந்த அம்மா வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார், மடியில் காப்பிக் குடுவையோடு.

"அக்கா, அன்னைக்கு மைக்குல பேசுனது நான்தான்."

"குரலைக் கேட்டாலே தெரியுது."

"அவங்க எழுதுனது லேட்டா வருவாருன்னு. நான்தான் தப்பா எடுத்துக்கிட்டேன். அவங்க மேல தப்பே இல்ல."

அவர் குடுவையின் மூடியைத் திருகி இறுக்கினார். "எப்பவும் நான் இங்கதான் உக்காந்திருப்பேன் தம்பி. அன்னைக்குச் சீர்த்தட்டு அடுக்கணும்னு மண்டபத்துக்குப் போயிட்டேன், அவரு தனியா வந்தாரு. நீங்க அப்படிச் சொன்னதும், எனக்குத்தான் கடைசியா தெரியுதுன்னு நெனச்சேன். நர்ஸ் கூப்பிட்டிருக்காங்களான்னு ஃபோனை எடுத்தேன். லாக் தொறக்க மாட்டேங்குது. எல்லாரும் சும்மா நிக்கிறாங்க. அப்புறம் நீங்க நூறு ஆயுசுன்னீங்க. எல்லாரும் சிரிச்சாங்க."

உடனே என் நாக்கு நுனியில் ஒரு வாக்கியம் வந்து நின்றது. நல்ல வாக்கியம்தான். எனக்கு எப்போதும் வந்துவிடும். பள்ளியில் கணக்கில் தோற்றபோது வந்தது, சாலாக் செலாத்தானில் நான் தொடங்கிய டியூஷன் சென்டரை ஒன்பது மாதத்தில் மூடியபோதும் வந்தது. தோல்விகளிலிருந்து நான் கற்றது அந்த ஒரு பாடத்தைத்தான்: யாரும் கவனிப்பதற்குள் சிரிக்க வைத்துவிடு. மற்றதெல்லாம் அப்படியே கிடந்தது.

"மன்னிச்சிருங்கக்கா," என்றேன். அதற்குப் பின்னால் எதையும் சேர்க்காமலிருக்கப் பல்லைக் கடித்துக்கொள்ள வேண்டியிருந்தது.

அவர் குடுவையைப் பைக்குள் வைத்தார். "அவங்ககிட்ட நான் பேசிக்கிறேன்," என்றார். "உங்ககிட்ட என்னா சொல்றதுன்னுதான் தெரியல."

அதற்குள் கதவு திறந்து பெரியவர் வந்தார். என்னைப் பார்த்ததும் முகம் மலர்ந்துவிட்டது. "மிஸ்ஸி, இங்க வாங்க," என்று நர்ஸைக் கூப்பிட்டார். "சொன்னேன்ல, என்னை மேல அனுப்பி வெச்சிட்டுத் திருப்பிக் கூப்பிட்டாருன்னு. இவருதான்."

நர்ஸ் சிரித்துவிட்டு, நான் என்ன சொல்லப்போகிறேன் என்று என்னையே பார்த்தார். அக்காவும் பார்த்தார்.

"வணக்கம்ணே," என்றேன்.

"அவ்வளவுதானா? மைக் இல்லாட்டி பேச்சு வராதா லா?"

"வரலைண்ணே."

பெரியவருக்கு ஏமாற்றமாகத்தான் இருந்தது. அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, பிளாஸ்டர் இல்லாத கையைப் பிடித்து, அவரைப் படியிறக்கினார். நான் இரண்டு படி தள்ளி, பின்னாலேயே இறங்கினேன்.