மூன்றாம் மாடியில் ஒரு காலி வீடு

பழைய ஆபீசில் அவனுக்கு மௌனசாமி என்று பேர். காப்பீட்டுக் கம்பெனியில் பத்திரங்களைச் சரிபார்க்கிற வேலை, வாயைத் திறக்க அவசியமே இல்லை. ஒருநாள் அந்தப் பிரிவையே இழுத்து மூடிவிட்டார்கள். நாற்பதை எட்டிப் பார்க்கும் வயது, கல்யாணமும் கூடி வரவில்லை. வாடகை வீட்டில் ஒற்றை ஆளாக உட்கார்ந்து ரியல் எஸ்டேட் அனலிஸ்ட் வேலைக்குப் படிக்க ஆரம்பித்தான். ஒரு கட்டடத்தைப் பார்த்து அதில் என்ன வாடகை வரும், என்ன விலைக்குப் போகும் என்று கணித்துச் சொல்கிற வேலை. கணக்கு அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. மனிதர்கள்தான் தொல்லை.

ஆன்லைன் தேர்வுகளை ஊதித் தள்ளிவிடுவான். நேர்காணலில்தான் குப்புற விழுவான். முதல் கம்பெனியில் "உங்களைப் பத்திச் சொல்லுங்க" என்றதும் பேந்தப் பேந்த விழித்தான். அடுத்ததில் எதிரே ஆளே கிடையாது, கேமராவைப் பார்த்துப் பேசி அனுப்ப வேண்டும். அதில் பிரமாதமாகப் பேசியதாக அவனே சொல்லிக்கொண்டான், கம்பெனிதான் ஒன்றும் சொல்லவில்லை. இது மூன்றாவது. இதுவும் கைநழுவினால் வீட்டை விட்டுவிட்டு அக்கா வீட்டு ஹாலில் போய்ப் படுக்க வேண்டியதுதான். அக்கா தங்கமானவள். அவள் புருஷனும் நல்லவர்தான், ஆனால் ஹால் அவருடையது.

பீரோக் கண்ணாடி முன்னால் நின்று ஒத்திகை பார்த்தான். கண்ணாடிக்கு என்ன, எதைச் சொன்னாலும் கேட்டுக்கொள்ளும், குறுக்குக் கேள்வி போடாது. ஒருநாள் சாயங்காலம் அக்கா போன் பண்ணினாள்.

"என்னடா, தொண்டை கட்டியிருக்கு? சளியா?"

"இல்லக்கா. இன்னைக்கு இப்பதான் வாயத் திறக்கிறேன்."

அக்கா சட்டென்று பேச்சை மாற்றி, சாப்பிட்டாயா என்று கேட்டாள். பாவம், அவளும் என்னதான் செய்வாள்!

மூன்றாவது கம்பெனி ஒரு வேலை கொடுத்தது. ஏதாவது ஒரு குடியிருப்பை நேரில் போய்ப் பார்த்து, எத்தனை வீடு நிரம்பியிருக்கிறது, எத்தனை காலி, என்ன வருமானம் என்று கணக்குப் போட்டுக்கொண்டு வர வேண்டும். அவன் எங்கும் அலையவில்லை. தான் ஆறு வருஷமாகக் குடியிருக்கும் கட்டடத்தையே எடுத்துக்கொண்டான். மூன்று மாடி, மாடிக்கு நான்கு வீடு. கதவைத் தட்டிக் கேட்டால் அரைமணி நேர வேலை. ஆனால் தட்ட வேண்டுமே! படிக்கட்டில் யாராவது எதிர்ப்பட்டாலே சுவரோடு ஒட்டிக்கொள்கிற ஆள் அவன்.

அதற்கும் ஒரு வழி படித்து வைத்திருந்தான். இருட்டிய பிறகு எதிர்ச்சாரியில் நின்று எந்த ஜன்னலில் விளக்கு எரிகிறது என்று பார்ப்பது. தொழிலில் இருப்பவர்கள் செய்வதுதான். மூன்று நாள் சாயங்காலம் மருந்துக்கடை ஓரமாக நின்று பார்த்தான். எல்லா ஜன்னலிலும் வெளிச்சம். ஒரு வீட்டில் டிவி, ஒரு வீட்டில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு யாரோ நடக்கிறார்கள். மூன்றாம் மாடியில், தெருவைப் பார்த்த மூலை வீடு மட்டும் மூன்று நாளும் இருட்டு. 'காலி' என்று எழுதிக்கொண்டு மேலே போய், விளக்கைப் போட்டு, கணக்கை முடித்தான்.

நேர்காணலில் மேனேஜர் அம்மா ஒருவர்தான் இருந்தார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு அவனுடைய தாள்களைப் புரட்டினார்.

"நல்லாவே பண்ணியிருக்கீங்க. இந்த மூணாம் மாடி வீடு ஏன் காலியா கிடக்குது?"

இதை எதிர்பார்த்துத்தான் வந்திருந்தான். "லிஃப்ட் இல்லைங்க மேடம். மூலைங்கறதால வெயிலும் ஜாஸ்தி. யாரும் வர மாட்டேங்கறாங்க போல."

"காலின்னு யார் சொன்னா?"

"மூணு நாள் நின்னு பார்த்தேன் மேடம். விளக்கே எரியல."

"சரி. நீங்க எங்க குடியிருக்கீங்க?"

"அதே கட்டடம்தான்."

"எந்த வீடு?"

மூன்றாம் மாடி மூலை வீடு என்று சொல்ல வாயெடுத்தபோதுதான் அவனுக்கு உறைத்தது. நாம் யார்தான் நம் வீட்டைத் தெருவில் நின்று பார்க்கிறோம்? கேட்டைப் பார்ப்போம், படியைப் பார்ப்போம், பூட்டைப் பார்ப்போம். வெளியே கிளம்பும்போது விளக்கை அணைக்கிற நல்ல பழக்கம் வேறு அவனுக்கு. நாக்கைப் பிடுங்கிக்கொண்டு சாகலாம் போல இருந்தது.

"அது... என் வீடுங்க."

அந்த அம்மா சிரித்தார். ரொம்ப நேரம் சிரித்தார். பிறகு அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"கணக்குல உங்கள அடிச்சுக்க ஆளில்ல. ஆனா நாலு பேர்கிட்டப் போய்க் கேக்கத் தெரியாத ஆள நான் எப்படி வெளியில அனுப்பறது? வியாழக்கிழமை வரைக்கும் டைம் தரேன். ஒவ்வொரு வீடாத் தட்டிக் கேட்டு, மறுபடி எழுதிட்டு வாங்க. அப்புறம் பேசுவோம்."

வீட்டுக்குத் திரும்பியதும் செருப்பைக்கூடக் கழற்றாமல் பக்கத்து வீட்டுக் கதவின் முன் நின்றான். அந்த வீட்டு அம்மாவின் இருமல் அவனுக்கு அத்துப்படி. முகம் சரியாகத் தெரியாது. பீரோ முன்னால் பாடம் பண்ணியதெல்லாம் எங்கேயோ ஓடிவிட்டது. கையைத் தூக்கினான், இறக்கினான். அக்கா வீட்டு ஹால் ஞாபகம் வந்தது. தட்டிவிட்டான்.

கதவு பாதி திறந்தது. ஈரக்கையை முந்தானையில் துடைத்தபடி அந்த அம்மா எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா? யார் வேணும்?"

"பக்கத்து வீடுங்க."

"பக்கத்து வீடா?" அவர் தலையை நீட்டி மூலைக் கதவைப் பார்த்தார். "அங்க யாரும் இல்லப்பா. ரொம்ப நாளா காலியாத்தான் கிடக்குது. வாடகைக்குப் பாக்க வந்தியா?"

கோபம் வரவில்லை. அழுகைதான் வந்தது, அதை விழுங்கிக்கொண்டான். தொண்டை கட்டியிருந்தது, கனைத்துச் சரிசெய்துகொண்டான்.

"காலி இல்லம்மா. நான் இருக்கேன்."